நட்டை எவ்வளவு இறுக்குவது?

சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் பட்டறைக்குப் போன மழைக்காலத்தில் ஒரு தம்பி காடியைக் கொண்டுவந்தார். தோட்டத்து வீட்டு வாசலிலேயே எண்ணெய் மாற்றியிருக்கிறார். "நல்லா இறுக்கிட்டேன் அண்ணே, அப்பவும் ஒழுகுது" என்றார். காடியைத் தூக்கி, எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினேன். அதன் புரியில், அதாவது திருகு மரையில், அலுமினியம் துருவிய தேங்காய் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய்த் தொட்டி அலுமினியம், போல்ட் இரும்பு. நல்லா இறுக்கியதுதான் கோளாறு.

போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான். இறுக்கும்போது மயிரிழை அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. இழுப்பு போதாவிட்டால் ஓட்டத்தின் அதிர்வில் கழலும். அளவு மீறினால் போல்ட் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். அப்புறம் அறுந்துபோக நாள் பிடிக்காது.

சரியான இழுப்புக்கு எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைத்தான் காடியின் கையேட்டில் நியூட்டன் மீட்டரில் போடுகிறார்கள். ஒரு மீட்டர் கம்பியைப் படுக்கையாகப் பிடித்து, முனையில் 10 கிலோவைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 98 நியூட்டன் மீட்டர். பல சிறிய காடிகளின் சக்கர நட்டுக்கு 100ஐ ஒட்டிய அளவு போதும். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 170ஐத் தாண்டிவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் ஸ்பேனரில் குழாயை மாட்டி மிதிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. துருப்பிடிக்கும் என்று சக்கர நட்டின் புரியில் கிரீஸ் பூசுவார்கள். நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் 90 விழுக்காடு உராய்வுக்கே போகிறது. மிச்சம்தான் போல்ட்டை இழுக்கிறது. கிரீஸ் உராய்வைக் குறைத்துவிடும். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும், போல்ட்டோ அதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும். கையேடு பூசச் சொன்னால் ஒழியப் பூசாதீர்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்தால் போதும்.

டார்க் ரெஞ்ச் வாங்கினால் அதில் எந்த அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் அடி-பவுண்டும் இருக்கும். 100 நியூட்டன் மீட்டர் வேண்டிய இடத்தில் 100 அடி-பவுண்டு வைத்தால் 136 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும்.

சக்கர நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். கடைசி இறுக்கு, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு. வைத்த அளவு வந்து ரெஞ்ச் 'டக்' என்றதும் கையை எடுத்துவிடுங்கள். இன்னொரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டாம். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள், முக்கியமாகத் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன்.

இன்ஜின் தலைப்பகுதி போல்ட்டுகளில் மட்டும் வீட்டில் கைவைக்காதீர்கள். பலவற்றை முதலில் ஓர் அளவுக்கு இறுக்கி, பிறகு இத்தனை பாகை என்று திருப்ப வேண்டும். ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும் என்ற வகையும் உண்டு.

அந்தத் தம்பியின் தொட்டிக்குப் புதுப் புரி வளையம் போட்டுக் கொடுத்தேன். ரெஞ்சும் வாங்கிவிட்டார். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: அதை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள், அதற்குச் சாதாரண ஸ்பேனர் இருக்கிறது. வேலை முடிந்ததும் ரெஞ்சின் அளவை ஆகக் குறைந்த கோட்டுக்கு இறக்கிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளராது.