தனித்திருக்கும் நாயின் முதல் அரைமணி நேரம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் அயலில் ஒரு குடும்பம். காலை ஏழரைக்கு மகனையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டினால், வளவில் மிஞ்சுவது அவர்களின் நாய் ரைகர் மட்டும்தான். இரண்டு மணிக்குத் திரும்பினால் படலையின் கீழ்ப்பலகை சிராய் சிராயாகப் பிய்ந்திருக்கும், அதன் அடியில் மண் கிளறியிருக்கும், விறாந்தையில் மூத்திரம். "விட்டுட்டுப் போற கோவத்தில வேணுமெண்டு செய்யுது" என்றார் அந்த வீட்டு அக்கா. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு வேறு கவலை: பகலில் நாய் ஊளையிடுவது வீட்டுக்குக் கூடாதாம்.

பழைய போன் ஒன்றை யன்னலில் சாய்த்துவைத்து வீடியோ எடுத்துப் பார்த்தோம். மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கிச் சில நிமிடங்களுக்குள் ரைகர் படலைக்கும் வாசலுக்கும் இடையில் ஓடத் தொடங்கியது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தது, வாயில் எச்சில் ஒழுகியது. பிறகு ஊளை, அதன் பிறகு பலகை. மீன்குழம்பு விட்டுப் பிசைந்துவைத்த சோற்றை அது மணந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா படலையைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான் தட்டில் வாய் வைத்தது.

அது கோபமில்லை, பீதி. பிரிவுப் பதற்றம் என்பது இதைத்தான்.

நாய்க்குத் தன் மனிதரோடு உள்ள பிணைப்பு, குழந்தைக்குத் தாயோடு உள்ளதைப் பல வகையில் ஒத்தது. குழந்தைகளின் பிணைப்பை அளக்க உளவியலாளர் மேரி எயின்ஸ்வேர்த் வகுத்த சோதனையை 1998இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் நாய்களில் செய்து பார்த்தார்கள். புதிய அறையொன்றில் வளர்ப்பவர் கூட இருந்தபோது நாய்கள் கூடுதலாக விளையாடின, சுற்றிப் பார்த்தன. அவர் வெளியேறியதும் கதவடியில் போய் நின்றன. அந்தப் பிணைப்பு அறுந்ததுபோல் சில நாய்களுக்குத் தோன்றும்போது மூளையின் அச்சமணி அடிக்கிறது. அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்தை உணர்த்த, நரம்புகள் வழியாகவும் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி வழியாகவும் சிறுநீரகங்களின் அருகிலுள்ள அதிரீனல் சுரப்பிகளுக்குக் கட்டளை போகிறது. அதிரீனலின், கோர்ட்டிசோல் என்ற பதற்ற ஓமோன்கள் இரத்தத்தில் ஏறுகின்றன. இதயம் விரைகிறது, பசி அடங்கிப்போகிறது. வெளியே போய்ச் சலம் விடப் பழகிய நாய்கூட இருந்த இடத்திலேயே விட்டுவிடும். சோற்றுத் தட்டு அப்படியே கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பீதி நாம் வெளியே போன பிறகுதான் தொடங்குகிறது என்றும் இல்லை. திறப்புக் கோர்வை கிலுங்கும் ஒலியும் ஹெல்மெற் எடுப்பதும் சப்பாத்துப் போடுவதும் "வெளிக்கிடப் போகினம்" என்று நாய்க்குச் சொல்லிவிடும். அப்போதே சில நாய்கள் நடுங்கும், காலைச் சுற்றும்.

வளவில் நடக்கும் எல்லாக் குழப்பத்துக்கும் பிரிவுதான் காரணம் என்று நினைத்துவிடவும் கூடாது. ஒழுங்கையால் போகிற ஆட்களைப் பார்த்துக் குரைக்கும் நாய், ஆள் மறைந்ததும் நிறுத்திவிடும். பொழுதுபோகாத நாய் நேரம் சென்றபின் கையில் அகப்பட்ட செருப்பைக் கடிக்கும், நன்றாகச் சாப்பிடவும் செய்யும். திருவிழா வெடிக்குப் பயந்த நாய் ஆட்கள் வீட்டில் இருந்தாலும் நடுங்கும். சிறுநீர்த் தொற்றாலோ முதுமையாலோ அடக்க முடியாமல் போகிற நாயும் உண்டு. பிரிவுப் பதற்றத்துக்கு அடையாளம் நேரமும் இடமும்: பெரும்பாலும் ஆள் போன முதல் அரைமணிக்குள், ஆள் போன வழியிலேயே, அதாவது கதவு, யன்னல், படலையில்.

இதற்காக நாயை அடிக்கிறவர்களைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. "பாருங்கோ, பிழை செய்தது தெரிஞ்சு முழிக்குது" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். நாய் உண்மையிலேயே பிழை செய்ததா என்பதற்கும் அந்த முழிக்கும் தொடர்பே இருக்கவில்லை. வளர்ப்பவர் ஏசியபோதுதான் அந்த முகம் கூடுதலாக வந்தது. காலையில் கடித்த பலகைக்கு இரண்டு மணிக்கு விழும் அடியை நாயால் எதனோடும் பொருத்த முடியாது. வீட்டார் திரும்பி வருவதும் பயம் என்பதைத்தான் அது படிக்கும். சங்கிலியில் கட்டுவதும் அப்படித்தான். பீதியில் இழுத்துக் கழுத்தைக் காயப்படுத்திக்கொள்ளும்.

ரைகருக்குச் செய்தது பொறுமையான வேலை. திறப்பை எடுத்துவிட்டு எங்கும் போகாமல் கதிரையில் இருப்பது, பலதடவை. பிறகு படலைக்கு வெளியே பத்து விநாடி நின்று திரும்புவது, பதறாவிட்டால் அரை நிமிடம், அப்படியே கூட்டுவது. பயிற்சிக்காலத்தில் நாயைத் தனியே விடாமலிருப்பது அவசியம் என்பதால், அக்கா காலையில் அதை ஆச்சி வீட்டில் விட்டுப் போனார். கடுமையான நிலையில் மிருக வைத்தியர் மருந்தும் தருவார். குளோமிப்ரமின் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் இதற்கென அனுமதி பெற்றது. அது வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். மனிதருக்கு வாங்கிய குளிசையைத் தாமாகக் கொடுத்துவிடக்கூடாது. வைத்தியரிடம் போகும்போது அந்த வீடியோவைக் கொண்டுபோனால் பாதி விளக்கம் அதிலேயே இருக்கும்.

மூன்றாம் மாதம் போனை மறுபடி யன்னலில் வைத்தோம். மோட்டார் சைக்கிள் போனது. ரைகர் படலைவரை போய் நின்றது, காதை நிமிர்த்திக் கேட்டது, திரும்பி வந்து சோற்றைச் சாப்பிட்டது.