மசோதா நகல் வாங்கப் போகிறவர்களுக்கு: எண், தேதி, எந்த அலுவலகம்

"மசோதா பாஸ் ஆயிடுச்சு, இனிமே இதுதான் சட்டம்" என்று சொல்லி உங்கள் மனுவைத் திருப்பிக் கொடுத்தால், அந்த இடத்திலேயே இரண்டு கேள்வி கேளுங்கள். சட்ட எண் என்ன? எந்தத் தேதியிலிருந்து அமல்? பெரும்பாலும் பதில் இருக்காது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் உங்களைப் போலவே செய்தித்தாளில் படித்தவர்தான்.

2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. மூன்றே நாளில் மேல்நடவடிக்கையை நிறுத்தினார்கள். மே 1 அன்று முதலமைச்சர் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். அது ஒருநாளும் சட்டமாகவில்லை. ஆனால் "நிறைவேறியது" என்ற செய்தி இன்றும் இணையத்தில் இருக்கிறது. அதை மேலாளர் நீட்டினால் தொழிலாளி வாயடைத்துப் போகிறார்.

மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்ற பதிவுச் சட்டத் திருத்தம், 77-ஏ பிரிவு, 2021 செப்டம்பரில் பேரவையில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று அமலுக்கு வந்தது 2022 ஆகஸ்ட் 16. இடைப்பட்ட பதினோரு மாதத்தில் மனு கொடுத்தவர்களுக்கு அந்த அதிகாரம் எந்தப் பதிவாளரிடமும் இல்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவே செல்லாது என்றது. தேதி தெரியாமல் அலைந்தவர்களுக்கு நேரமும் போயிற்று, வக்கீல் ஃபீஸும் போயிற்று.

ஆகவே மசோதாவின் நகல், அதன் இன்றைய நிலை, இரண்டையும் கையில் வாங்கி வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. அதை வாங்கும் வழியில்தான் சிக்கல்.

முன்கதை கொஞ்சம்தான். பேரவையில் அறிமுகமாகும் சட்டமுன்வடிவு (மசோதா என்று நாம் சொல்வதற்கு அரசு எழுதும் சொல் இது) பேரவை விதி 130-இன் கீழ் அரசிதழில், பகுதி IV பிரிவு 1-இல் வெளியாகும். சட்டமான பிறகு பகுதி IV பிரிவு 2-இல் வெளியாகும். அவசரச் சட்டங்களும் இந்த இரண்டாவது பிரிவில்தான். கையில் உள்ள தாள் எந்தப் பிரிவு என்று தலைப்பைப் பார்த்தாலே மசோதாவா சட்டமா என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் மனுவோடு மசோதாவை இணைத்துவிட்டு, சட்டத்தை இணைத்ததாக நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

எண்ணில் விழும் குழிகள்

மசோதாவுக்கு ஓர் எண், சட்டத்துக்கு வேறோர் எண். இரண்டும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும்; ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தையே பாருங்கள். பெயரில் 2022 என்று இருக்கும். ஆனால் அது 2023-ஆம் ஆண்டின் 9-ஆம் சட்டம். 2022 அக்டோபரில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றதால் வந்த வித்தியாசம் இது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் தேடினால் கிடைக்காது. "அப்படி ஒரு சட்டமே இல்லை" என்று பதில் வரும். வருகிற பதிலும் பொய்யில்லை, நீங்கள் கொடுத்த ஆண்டுதான் தவறு.

அதே சட்டத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2022 அக்டோபர் 1 அன்று அவசரச் சட்டம் வந்தது. பேரவை மறுபடி கூடிய ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் தானாகக் காலாவதியாகும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு. நவம்பர் இறுதியில் அது செத்துப்போனது. புதிய சட்டம் அமலானது 2023 ஏப்ரல் 21. நடுவில் ஏறக்குறைய ஐந்து மாதம் அவசரச் சட்டமும் இல்லை, புதிய சட்டமும் இல்லை. உங்கள் விஷயம் எந்தத் தேதியில் நடந்ததோ அந்தத் தேதியில் எது உயிரோடு இருந்தது என்று பாருங்கள்.

ஒரே ஆண்டில் ஒரே சட்டத்துக்கு இரண்டு மூன்று திருத்தம் வருவது சாதாரணம். "திருத்தச் சட்டமுன்வடிவு", "இரண்டாம் திருத்தச் சட்டமுன்வடிவு" என்று பெயரில் ஒரே ஒரு சொல்தான் மாறும். அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (ஆர்.டி.ஐ.) விண்ணப்பித்தால் வேறொன்றின் நகல் வரும்; பதிலுக்கு மறுபடி முப்பது நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் மசோதா எண்ணையும் அறிமுகத் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். எண் தெரியாவிட்டால் தேதி போதும். செய்தித்தாள் எதற்கு உதவுகிறதோ இல்லையோ, இந்தத் தேதியைத் தரும்.

அடுத்து, அமல் தேதி. பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே "அரசு, அறிவிக்கை வாயிலாகக் குறிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்" என்று இருக்கும். சொந்தக்காரர், வாடகைதாரர் உரிமைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-ஆம் ஆண்டின் 42-ஆம் சட்டம். அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. சட்டத்தின் நகல் மட்டும் வைத்திருப்பவருக்கு இது தெரிய வழியில்லை. அமல் அறிவிக்கை தனித் தாள், தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு குழி கொஞ்சம் ஆழமானது. அரசிதழின் பிரிவு 1-இல் அச்சாவது அறிமுகமானபடியான வாசகம். விவாதத்தில் திருத்தம் ஏற்கப்பட்டிருந்தால் அது அதில் இராது. மசோதாவும் சட்டமும் சொல்லுக்குச் சொல் ஒன்றென்று நினைத்து மேற்கோள் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். உரிமை கோரச் சட்டத்தின் வாசகம்தான் வேண்டும். மசோதாவிலிருந்து கிடைக்கும் பயன் வேறு: கடைசிப் பக்கத்தில் உள்ள நோக்கக் காரண விளக்கவுரை. எந்தக் குறையைப் போக்க இந்தச் சட்டம் என்று அரசே எழுதிக் கையெழுத்திட்ட வாசகம் அது. சட்டத்தின் நகலில் அது இருக்காது. பிரிவின் பொருள் தெளிவாக இல்லாதபோது நீதிமன்றம் அதைப் பின்னணிக்காகப் பார்க்கும். பிரிவு தெளிவாக இருந்தால் விளக்கவுரை அதை மாற்றாது. நகல் வாங்கும்போது இந்தப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெராக்ஸில் முதலில் விட்டுப்போவது இதுதான்.

எந்தக் கதவைத் தட்டுவது

அலைக்கழிப்பு எல்லாம் இங்கேதான். சம்பந்தப்பட்ட துறையில் கேட்டால் சட்டத் துறைக்குப் போகச் சொல்வார்கள். சட்டத் துறையில் பேரவைச் செயலகத்தைக் காட்டுவார்கள். பேரவைச் செயலகத்தில் "நாங்க அனுப்பிட்டோம், இப்ப ஆளுநர் மாளிகையிலதான் இருக்கு" என்பார்கள். மூவர் சொல்வதும் அவரவர் அளவில் சரி. கோப்பு நிலைக்கு ஏற்ப இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

மசோதாவின் வாசகமும், அறிமுகம், நிறைவேற்றம், திரும்பப் பெறுதல் பற்றிய தேதிகளும், விவாதமும் வேண்டுமானால் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள பேரவைச் செயலகம். நிறைவேறியபின் ஒப்புதலுக்கு அனுப்பிய தேதி, ஒப்புதல் வந்த தேதி, சட்ட எண் ஆகியவற்றுக்குச் சட்டத் துறை. அமல் அறிவிக்கைக்கும் விதிகளுக்கும் அந்தந்த நிர்வாகத் துறை. அரசிதழின் அச்சுப்பிரதிக்கு அண்ணா சாலை 110-இல் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறை. அரசிதழின் முதல் பக்கத்திலேயே விலை அச்சாகியிருக்கும், அதற்கு மேல் தர வேண்டியதில்லை.

குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்ட மசோதா என்றால் சென்னையில் கேட்டுப் பயனில்லை. தில்லியில் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் கேளுங்கள். நீட் விலக்கு கோரி 2017 பிப்ரவரியில் நிறைவேறிய இரண்டு மசோதாக்கள் அதே ஆண்டு செப்டம்பரில் ஒப்புதல் மறுக்கப்பட்டுத் திரும்பிவிட்டன. இது ஊருக்குத் தெரிந்தது 2019 ஜூலையில், உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்னபோது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு, இறந்துபோன மசோதாவுக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பத்து ரூபாயில் உள்துறையிடம் ஒரு தகவல் மனு போட்டுக் கேட்டிருக்கக்கூடிய விஷயம்.

"பேரவை கலைஞ்சுடுச்சு, மசோதாவும் போச்சு" என்றும் ஒரு பதில் வரும். பேரவையிலேயே நிலுவையில் இருந்த மசோதாதான் கலைப்போடு போகும். நிறைவேறி, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மசோதா போகாது. கேரள நிலச் சீர்திருத்த மசோதா வழக்கில் உச்ச நீதிமன்றம் எப்போதோ தீர்த்து வைத்த சங்கதி இது. கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டாலும் மசோதா சாகாது.

நேரில் போவதைக் கடைசியாக வையுங்கள். கோட்டைக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் கெடுபிடி அதிகம். முதலில் இணையத்தில் பாருங்கள்: பேரவையின் தளம், அச்சுத் துறையின் அரசிதழ்த் தளம். பழைய அரசிதழ் பி.டி.எஃப்.கள் பல ஸ்கேன் செய்யப்பட்டவை அல்லது பழைய எழுத்துருவில் இருப்பவை. தமிழில் தட்டித் தேடினால் ஒன்றும் வராது. தேதியை வைத்து அன்றைய சிறப்பு அரசிதழ்களை ஒவ்வொன்றாகத் திறப்பதே வேகமான வழி. தில்லியில் உள்ள பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பும் மாநில மசோதாக்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. தேட அது நல்லது. மனுவோடு இணைக்க அரசிதழ்ப் பக்கமே வேண்டும்.

தகவல் மனு எழுதும்போது

"ஏன் இந்த மசோதா நிலுவையில் உள்ளது?" என்று எழுதாதீர்கள். பொதுத் தகவல் அலுவலர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல, கைவசம் உள்ள ஆவணத்தைத் தரத்தான் கடமைப்பட்டவர். இப்படி எழுதலாம்:

"இன்ன தேதியில் பேரவையில் அறிமுகம் செய்யப்பட்ட, இன்ன எண்ணுள்ள சட்டமுன்வடிவின் அறிமுகமானபடியான நகல், நோக்கக் காரண விளக்கவுரையுடன், அவையில் நிறைவேறியபடியான நகல், அதன் மீது ஏற்கப்பட்ட திருத்தங்களின் நகல், நிறைவேறிய, சட்டத் துறைக்கு அனுப்பப்பட்ட தேதிகளைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்."

இவ்வளவு போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவின்படி கேட்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. ஒரு மனுவில் ஒரு மசோதாதான். நாலு மசோதாவைச் சேர்த்துக் கேட்டால் நாலில் எது சிக்கலோ அதைக் காட்டி நாலையும் நிறுத்துவார்கள்.

மாநில அரசு அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுவது வழக்கம். பேரவைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: தகவல் சட்டத்தின்படி பேரவைக்குக் கட்டண விதி வகுக்கும் அதிகாரம் பேரவைத் தலைவருடையது. அனுப்பும் முன் பேரவைத் தளத்தில் தகவல் உரிமைப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். கட்டணம் செலுத்திய முறை சரியில்லை என்று மனு திரும்பி வருவது மிக எளிதாகத் தவிர்க்கக்கூடிய தாமதம். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டதால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதைக் காட்டும் பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள். முப்பது நாள் கணக்கு மனு அங்கே கிடைத்த நாளிலிருந்து.

வரக்கூடிய மறுப்புகள் மூன்று. "எங்களிடம் இல்லை, வேறு துறையை அணுகவும்": இப்படிச் சொல்லித் திருப்பக் கூடாது. 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். "பேரவை உரிமை மீறல்": 8(1)(சி) பிரிவு. அவையில் வைத்து அரசிதழில் அச்சிட்டு விலைக்கு விற்ற தாளைத் தருவதால் என்ன உரிமை மீறப்படும் என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். "அமைச்சரவைக் கோப்பு": 8(1)(ஐ). இது அறிமுகத்துக்கு முந்தைய வரைவுக்கும் குறிப்புகளுக்கும்தான் பொருந்தும். அதுவும் முடிவெடுத்து விஷயம் முடிந்தபின் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. மறுப்புக் கடிதத்தில் பிரிவின் முதல் பாதியை மட்டும்தான் எழுதுவார்கள்.

பதில் வந்தாலும் வராவிட்டாலும் முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான், கட்டணம் கிடையாது. கெடு தாண்டிப் பதில் தந்தால் நகலுக்குப் பணம் கேட்கக் கூடாது, 7(6) பிரிவு. இரண்டாம் மேல்முறையீடு தகவல் ஆணையத்துக்குத் தொண்ணூறு நாளுக்குள். அங்கே விசாரணைக்கு வர மாதக்கணக்காகும் என்பதால் முதல் மேல்முறையீட்டிலேயே எல்லா ஆதாரத்தையும் இணைத்து முடிக்கப் பாருங்கள்.

பழைய மசோதா என்றால்

பட்டா, குத்தகை, இனாம் நில வழக்குகளுக்கு ஐம்பதுகளின் மசோதா தேவைப்படும். "தமிழ்நாடு சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1955" என்று இன்று எழுதுகிறோம். 1955-இல் அது "மெட்ராஸ்" என்றே தொடங்கியது. 1969-இல் மாநிலப் பெயர் மாறியபின் சட்டப் பெயர்களில் மாற்றிக்கொண்டார்கள். அன்றைய மசோதாவின் அச்சு மாறவில்லை. ஆங்கில அகரவரிசை அட்டவணையில் 'டி'-யில் தேடி நாள் முழுக்க வீணாக்காதீர்கள், 'எம்'-மில் தேடுங்கள். அரசிதழின் பெயரும் அப்போது புனித ஜார்ஜ் கோட்டை கெசட்.

1986 நவம்பர் 1-க்கு முந்தையது என்றால் மேலவையும் இருந்தது. பேரவை விவாதத்தோடு மேலவை விவாதத்தையும் பார்க்க வேண்டும். திருத்தம் எந்த அவையில் நுழைந்தது என்பது சில சமயம் அங்கேதான் தெரியும்.

இவற்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அடையாள அட்டை, எதற்காக என்ற கடிதம், ஆய்வு மாணவர் என்றால் வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றோடு போங்கள். கேட்ட கட்டு அன்றே மேஜைக்கு வரும் என்று நம்பி வெளியூரிலிருந்து அன்று மாலை ரயிலுக்கு டிக்கெட் போட்டு வராதீர்கள். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டார்கள், கையால் எழுதிக்கொள்ள வேண்டிவரும். நீதிமன்றத்துக்கு என்றால் சான்றிட்ட நகல் வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். சாதா நகல் வாங்கியபின் அதன்மேல் முத்திரை கேட்டால், மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.