புற்றுநோய் மருந்து ஆய்வும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியும்

"பிள்ளை, எங்களில மருந்தைப் போட்டுப் பார்க்கப் போறாங்களோ?" மருந்து ஆய்வு என்ற பேச்சை எடுத்தாலே கிளினிக்கில் அம்மாமார் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கத்தான் வேண்டும். வன்னிச் சனம் பட்ட பாட்டுக்கு, யாரோ ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் மனம் பின்வாங்காமல் என்ன செய்யும்?

புற்றுநோய் கிளினிக்கில் வேலை செய்யும் தாதி என்ற முறையில் நான் சொல்வது இதுதான். முதலாம் கட்ட ஆய்வில் உடம்பு எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்று சிலரில் மட்டும் பார்ப்பார்கள், இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள், மூன்றாம் கட்டத்தில் புதிய மருந்தை இப்போது கொடுக்கும் சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். நல்ல சிகிச்சை ஏற்கனவே உள்ள நோய்க்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையை மட்டும் கொடுத்து ஆளை விடுவதில்லை. விருப்பமில்லை என்றால் எந்த நேரமும் விலகலாம், விலகினாலும் வழமையான சிகிச்சை நிற்கக் கூடாது. இலங்கையில் நடக்கும் ஆய்வுகளைப் பதிய 2006 முதல் ஒரு பதிவேடு இருக்கிறது, இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

சரி, இதில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. ஆய்வு என்றால் மருந்துதான் எல்லாம் என்று நினைக்கிறோம், ஆனால் பெரும்பங்கு வேலை குறித்த நாளில் இரத்தம் எடுப்பது, மருந்தைச் சரியான குளிரில் வைப்பது, வாந்தி எத்தனை தரம் என்பதுவரை எழுதி வைப்பது, பாரதூரமான பக்கவிளைவு என்றால் உடனேயே ஆய்வுக் குழுவுக்கு அறிவிப்பது. முல்லைத்தீவில் இருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல், கொழும்புப் பக்கம் மகரகமவில் உள்ளதுக்கு முந்நூறுக்கும் மேல். ஒரு இரத்தப் பரிசோதனைக்காக நாட்கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டுமென்றால் மனிதர் இரண்டாம் தடவை வரமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த முழு இரத்தக் கணக்கைப் பக்கத்து ஆஸ்பத்திரியே எடுத்து அனுப்பினால் அவர் ஆய்வில் நிற்பார்.

இன்னொன்று. கீமோ போட்டு ஒரு கிழமை, பத்து நாளில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் மிகவும் குறையும். அந்த நேரம் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால் பனடோல் போட்டுப் படுத்திருக்கக் கூடாது, அது உயிர் போகிற விஷயம். அவர் இரவில் ஓடிவரப் போவது ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே கடமையில் இருப்பவர் கிளினிக் கொப்பியைத் திறந்ததும் என்ன மருந்து, எந்த ஆய்வு, யாருக்கு அழைக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். இதுகூட இல்லாமல் வன்னிக்கு ஆய்வைக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

பெரிய நகரத்தில்தான் இதெல்லாம் முடியும் என்பவர்களுக்கு தமிழ்நாட்டுத் திண்டுக்கல்லைக் காட்டுவேன். அம்பிளிக்கை என்ற கிராமத்து மருத்துவ மையம் கைகொடுக்க, 2000இல் தொடங்கிய ஆய்வில் பயிற்சி பெற்ற தாதிமார் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கான அறிகுறி உண்டா என்று அசெற்றிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தார்கள். 2007இல் முடிவு வந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் வந்த மரணம், அழைக்கப்படாத ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. ஊருக்குப் போனதால்தான் அந்த உண்மையே தெரியவந்தது. இங்கேயும் வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வந்து நிற்கும் ஆண்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பஸ் காசு உள்ளவர்கள் மட்டும் சேரும் ஆய்வின் முடிவு இவர்களுக்கு எவ்வளவு பொருந்தும்?

யாராவது உங்களை ஆய்வுக்குக் கேட்டால் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் படித்த பிள்ளை ஒருவரிடம் கொடுத்து வாசியுங்கள். தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. போக்குவரத்துச் செலவு யார் தருவது, பக்கவிளைவு வந்தால் சிகிச்சைக்கு யார் பொறுப்பு, இரவு பத்து மணிக்கு எந்த நம்பருக்கு எடுப்பது, எடுத்தால் தமிழில் பேசுவார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.