கிடார் நம்பரை எவ்ளோ தூரம் நம்பலாம்?

பழைய எலக்ட்ரிக் கிடார் கைக்கு வந்தா எல்லாரும் முதல்ல தேடுறது சீரியல் நம்பரைத்தான். கிப்ஸன்ல இது ஒரு காலத்துக்கு ரொம்ப ஈஸி, 1977லேர்ந்து 2005 வரைக்கும் ஹெட்ஸ்டாக், அதாவது கம்பியை முறுக்குற தலைப்பகுதி, அதோட பின்பக்கம் எட்டு இலக்கம் குத்தியிருப்பாங்க, அதுல ஒன்னாவதும் அஞ்சாவதும் சேர்ந்தா வருஷம், நடுவுல உள்ள மூணு அந்த வருஷத்துல எத்தனாவது நாள்னு சொல்லும், கடைசி மூணு வரிசை நம்பர். 70108276னு இருக்கா? 7ம் 8ம் சேர்ந்து 78, 010ன்னா பத்தாம் நாள், ஆக 1978 ஜனவரி 10. கடைசி 276, 500க்குக் கீழ இருக்கறதால கலமசூ ஃபேக்டரி, மேல போனா நாஷ்வில். கலமசூவை 1984ல மூடிட்டாங்க, அதுக்கப்புறம் இந்த ஃபேக்டரி கணக்கு செல்லாது.

இதே கம்பெனிதான் 60கள்ல போட்ட நம்பர்களையே 70கள் ஆரம்பத்துல திரும்பவும் போட்டு வெச்சுது, கொடுமை! அங்க நம்பருக்குக் கீழ 'மேட் இன் யூஎஸ்ஏ' முத்திரை இருக்கான்னு பாக்கணும், இருந்தா 1970லயோ அதுக்கப்புறமோ செஞ்சது.

ஃபெண்டர் இன்னும் மோசம். 50கள் நடுவுலேர்ந்து 1976 வரை நம்பர் இருந்தது நெக்கை (நீளமான கழுத்தை) பாடியோட சேர்த்து முறுக்குற உலோகத் தகட்டுல, அந்தத் தகடை வரிசைப்படி எடுத்து மாட்டணும்னு யாரும் கவலைப்படல, கைக்கு வந்ததை மாட்டினாங்க. ஸ்க்ரூவைக் கழட்டினா யார் வேணா மாத்தலாம் வேற. 76க்கு அப்புறம் நம்பர் ஹெட்ஸ்டாக்குக்கு வந்துச்சு, எஸ்ன்னா எழுபதுகள், ஈன்னா எண்பதுகள், ஆனா ஈ4ன்னு, அதாவது 1984ன்னு, ஒட்டின கிடார் 1987 வரைக்கும் வந்திருக்கு, மிச்சமிருந்த ஸ்டிக்கரை வீணாக்க வேணாம்னு.

அதனால உள்ள திறந்து பாக்கறவங்க பாக்கறது வால்யூம், டோன் குமிழுக்கு அடியில இருக்கற 'பாட்'ங்கற பாகத்தோட முதுகை. 1376633ன்னு இருந்தா 137 பாட் செஞ்ச சிடிஎஸ் கம்பெனியோட கோடு, 66 வருஷம், 33வது வாரம். கிடார் அதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாது, அவ்ளோதான் இது சொல்லும், ஏன்னா ஃபெண்டர் 1966ல பாட்டை மொத்தமா வாங்கிக் குவிச்சதுல 69 கிடார்லயும் 66 பாட் கிடைக்குது. நெக்கைக் கழட்டினா அடிக்கட்டையில பென்சில்லயோ முத்திரையாவோ தேதி இருக்கும், ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. பாட்ல ஒயரைப் பத்த வெச்ச ஈயம் புதுசா பளபளன்னு இருந்தா அந்த பாட் பின்னாடி மாத்தினதா இருக்கலாம், அப்போ அந்தத் தேதியைக் கணக்குலயே சேர்க்காதீங்க.