பெஞ்ச மழை எங்க போகுது? மானாவாரி மண்ணுக்குள்ள நடக்குறது

சென்னையில நமக்கு தண்ணின்னாலே லாரி கணக்குதான், அதனால அதுலயே ஆரம்பிக்கிறேன். 1 சதுர மீட்டர்ல 1 மி.மீ மழை பெஞ்சா 1 லிட்டர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர், அப்போ 25 மி.மீ மழை ஒரு ஏக்கர்ல ஒரு லட்சம் லிட்டர கொட்டிட்டுப் போகுது, 12,000 லிட்டர் லாரியில எட்டு லோடு. கெணறும் போரும் இல்லாத மானாவாரி விவசாயிக்கு இருக்குறதே இதுதான்.

இதுல கொஞ்சம் வழிஞ்சு ஓடிடும், கொஞ்சம் பயிர் குடிக்கும். எனக்கு மனசு ஆறாதது என்னன்னா, ஒரு பெரிய பங்கு யாருக்கும் ஆகாம வெறும் மண்ணுலேர்ந்தே ஆவியா போயிடுது. வெயில் நல்லா அடிச்சா மழை விட்ட முதல் ரெண்டு மூணு நாள் தினம் 5 மி.மீ வரைக்கும் போகும், அதாவது ஏக்கருக்கு 20,000 லிட்டர்.

எப்படி போகுதுன்னா, விளக்குத் திரி எண்ணெய மேல இழுக்குதுல்ல, அதே வேலைய மண்ணும் செய்யுது. மண் துகளுங்களுக்கு நடுவுல இருக்குற பொடிப்பொடி இடைவெளி வழியா அடியில இருக்குற ஈரம் மேல ஏறி வரும், மேல வந்ததும் காத்து வாங்கிட்டுப் போயிடும். அந்தத் திரிய அறுத்துட்டா போதும். மழை விட்டு மண்ணு பதமா காஞ்சதும் மேலாக்க கொத்தி புழுதி ஆக்குறாங்கல்ல, அது களைக்கு மட்டும் இல்ல, மேல் மண்ணு தனியா காஞ்சு நின்னுடும், கீழ் ஈரம் ஏற வழி இருக்காது. கரிசல்ல இன்னொரு லாபமும் உண்டு, பாளம் பாளமா வெடிக்கிற வெடிப்பு மூடிக்கும், இல்லன்னா அது வழியா ஆழத்து ஈரமும் போயிடும். தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காடான விளாத்திகுளம் பக்கம் மார்கழிக்கு மேல மழையே இல்லாம கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் விளையுறது இப்படி காப்பாத்தி வச்ச ஈரத்துலதான்.

இப்ப சூடு ஏற ஏற இந்தக் கணக்கே மாறுது. காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவி பிடிக்கும். அதனால பெஞ்சா கொட்டித் தீக்குது, பெய்யாத நாள்ல மண்ணையும் இலையையும் இன்னும் வேகமா உறிஞ்சுது. 2015 டிசம்பர்ல வெள்ளத்துல நின்ன நாம 2019 ஜூன்ல ஏரியெல்லாம் காஞ்சு குடத்தோட நின்னோமே, அந்த வெள்ளமும் வறட்சியும் மானாவாரிக் காட்டுல ஒரே பருவத்துலயே வந்துடுது. மண்ணு ஒரு வேகத்துலதான் தண்ணிய குடிக்கும், அதுக்கு மேல கொட்டுனா ஓடத்தான் செய்யும், போறப்போ மேல் மண்ணையும் கூட்டிட்டுப் போகும். அதனாலதான் சரிவுக்குக் குறுக்க உழணும்கறாங்க, ஓடுறத பிடிக்க பண்ணைக்குட்டை வெட்டணும்கறாங்க. பூ பிடிக்கிற நேரத்துல மழை ஏமாத்துனா குட்டையிலேர்ந்து ஒரே ஒரு தண்ணி விட்டாக்கூட பல நேரம் வெள்ளாமை தப்பிச்சுடும்.

காஞ்ச இலை, தட்டையெல்லாம் மண்ணு மேல பரப்பி மூடாக்கு போடுறது கொத்துறத விட நல்லது, வெயிலும் காத்தும் மண்ண நேரா தொடாது, மழைத்துளி அடிச்சு மண்ணு இறுகாது. மாடித்தோட்டம் வச்சிருக்கவங்க ஒரே அளவு ரெண்டு தொட்டி எடுத்து ஒண்ணுல மட்டும் காஞ்ச இலைய பரப்பி, ரெண்டுக்கும் ஒரே அளவு தண்ணி ஊத்தி, மூணாம் நாள் விரல விட்டுப் பாருங்க. ஆனா ஊர்ல அது அவ்வளவு லேசு இல்ல, சோளத்தட்டை மாட்டுக்குப் போகுது, பருத்திமார், அதாவது காஞ்ச பருத்திக்குச்சி, அடுப்புக்குப் போகுது. மாட்ட பட்டினி போட்டுட்டு மண்ண மூடுன்னு யாரும் சொல்ல முடியாது, அதனால இப்பவும் மழை விட்ட நாலாம் நாள் களைக்கொத்தோட காட்டுக்குப் போறாங்க.