மட்கு (ஹியூமஸ்)

‘ஹியூமஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு மண், நிலம் என்றுதான் பொருள். இலையும் வேரும் சிதைந்து, உருத்தெரியாமல் போன கரும்பழுப்புப் பொருளுக்கு மட்டும் அதைச் சுருக்கியவர்கள் பிற்கால அறிவியலார். 1786இல் ஜெர்மானிய வேதியியலாளர் அகார்டு, முற்றா நிலக்கரியைக் (சதுப்பில் பாதி மட்கிய ‘பீட்’) காரத்தில் கரைத்து இத்தகைய கரும்பொருளைப் பிரித்தெடுத்தார். காரத்தில் கரைக்கும் முறை அதன்பின் 200 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது.

தமிழில் இதற்கு மட்கு. ‘மட்குதல்’ என்றால் ஒளி மங்குதல், சிதைந்து மண்ணாதல், பேச்சில் மக்குதல். அடி, உரை போல வினைப்பகுதியே பெயராக நிற்கிறது. மட்கு வேறு, மட்கு உரம் வேறு. பின்னது நாம் குவித்து மட்கவைக்கும் கம்போஸ்ட். தரையில் கிடக்கும் சருகும் மட்கு அன்று, இன்னும் மட்காதது. பாடநூல்களே சில நேரம் இவற்றைக் குழப்பிவிடுகின்றன.

மட்கின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம் (கார்பன்). உலக மண்ணின் மேல் 1 மீட்டரில் மட்டும் உயிர்ப்பொருள்களிலிருந்து வந்த கரிமம் சுமார் 1,500 பில்லியன் டன் உள்ளது. வளிமண்டலமும் தாவரங்களும் சேர்ந்து வைத்திருப்பதைவிட இது அதிகம். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே தின்னும். வரவைவிடச் செலவு குறைந்து கரிமம் சேர்கிறது. இதற்கும் எல்லை உண்டு. மிக உயரத்தில் செடிகளே குன்றி, மண்ணும் மெலிவதால் வரவே அற்றுப்போகும்.

காட்டுக்கும் புல்வெளிக்கும் கணக்கு ஒன்றல்ல. காட்டில் கரிமத்தின் கணிசமான பங்கு மரத்திலும் தரைச் சருகிலும் நிற்கிறது. தீ வந்தால் அது புகையாகும். புல்லோ தன் உழைப்பில் பெரும்பகுதியை வேரில் போடுகிறது. வேர் மண்ணுக்குள்ளேயே மட்கிக் களித்துகள்களோடு ஒட்டிக்கொள்வதால் எளிதில் வெளியேறுவதில்லை. ரஷ்ய, உக்ரைன் புல்வெளிகளின் கருமண் இப்படி உருவானதுதான். மலைப் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி மரம் நடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அகார்டின் முறைக்கு வருவோம். காரமே புதிய பொருள்களை உண்டாக்கிவிடுகிறது. மண்ணில் அப்படியொரு தனிப்பொருளே இல்லை என்று 2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை வாதிட்டது. ஆய்வாளர்கள் பலர் இப்போது ‘மண் கரிமப்பொருள்’ என்ற பொதுப்பெயரையே விரும்புகிறார்கள். ஆய்வுக் கட்டுரைக்கு அது சரி. வயலிலும் வகுப்பிலும் மட்கு போதும்.