இரும்புப் பந்தலும் ஈரக் காலும்

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் பந்தல் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டு என்றால் அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று எல்லாப் பேட்டைகளிலும் குழாய் இறங்கும், சீரியல் செட் ஏறும். மின்பணி ஒப்பந்தக்காரன் என்ற முறையில் இந்தப் பந்தல்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். பந்தல் என்றதும் எல்லோரும் தீக்குத்தான் பயப்படுகிறார்கள். எனக்குப் பந்தல் காலைத் தொடுவதுதான் பயம்.

தீக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின் யாகசாலைப் பந்தல் எரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பந்தல் எரிந்து, மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டோர் போனார்கள். இரண்டிலும் மேலே இருந்தது கீற்று. இன்று நகரத்துப் பந்தல்களில் பெரும்பாலும் இரும்புக் குழாயும் தகரமும்தான். தீயைப் பொறுத்தவரை இது நல்ல மாற்றமே. (அந்தத் தகரத்துக்கு அடியிலேயே பாலியஸ்டர் துணியைச் சுருக்கிச் சுருக்கிக் கட்டி, விட்ட ஆபத்தை மறுபடி அழைத்து வருவது வேறு கதை. செயற்கை இழைத் துணியும் கயிறும் பந்தலுக்குக் கூடாது என்று ஐ.எஸ். 8758 தரவிதி சொல்கிறது. யார் கேட்கிறார்கள்?)

காய்ந்த மூங்கில் காலில் வயர் உரிந்தால் ஆபத்து பெரும்பாலும் அந்த இடத்தோடு நிற்கும். இரும்புப் பந்தல் அப்படி அல்ல. ஒரு குழாயில் மின்சாரம் கசிந்தால் கிளாம்ப் வழியாக எல்லாக் கால்களுக்கும், தகரத்துக்கும், சில நேரம் பக்கத்தில் நிற்கும் அலங்கார வளைவுக்கும் போய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேட்டையில் பந்தல் காலோரம் கடை போட்டிருந்த பூக்காரம்மா, கம்பத்தைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றார். விழாக்குழு இளைஞர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சிரித்தார்கள். அவர்கள் காலில் ரப்பர் செருப்பு. அந்த அம்மா வெறுங்காலோடு, பூவுக்குத் தெளித்த தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. அடுத்த காலிலும் எரிந்தது, அதற்கடுத்ததிலும். மெயினை இறக்கிவிட்டு ஒவ்வொரு காலாகத் துணியைப் பிரித்துப் பார்த்தோம். வாசல் காலில், மஞ்சள் துணியையும் அதற்குள் ஓடிய சீரியல் வயரையும் சேர்த்து ஒரு குண்டூசி குத்தியிருந்தது. முனை குழாயில் இடித்துக்கொண்டிருந்தது. வயர் போட்டவரின் வேலையில் குறை இல்லை, துணி கட்டியவருக்கு உள்ளே வயர் ஓடுவது தெரியாது.

மாரியம்மன் திருவிழாவில் இது ஏன் மற்ற இடங்களைவிட மோசம்? பக்தர்கள் குளித்துவிட்டு ஈரத் துணியோடு, வெறுங்காலில் வருகிறார்கள். உருளுதண்டம் போடுகிறவர்கள் ஈரத் தரையில் உடம்பு முழுக்கப் பட உருளுகிறார்கள். நனைந்த உடம்பின் மின்தடையை 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் பாய்வது கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. இதயத்தை நிறுத்த அது தாராளம். போர்டில் இருக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) அது ஒரு பொருட்டே இல்லை.

“எர்த் அடித்திருக்கிறோமே சார்” என்பார்கள். தரையில் அடித்த கம்பியின் தடை 20 ஓம் என்றால், கசியும் மின்சாரம் 11.5 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. அப்போதும் விழாது. ஏற்காட்டில் இன்னும் சிரமம். கோடை விழாவுக்கோ சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கோ பந்தல் போடுகிறவர்களைக் கேளுங்கள். மண் கொஞ்சம்தான், பல இடங்களில் அடியில் சார்னோகைட் பாறை. எர்த் கம்பி இரண்டடி இறங்கியதும் டங்கென்று நின்றுவிடும். தடை 100 ஓம் ஆனால் பாய்வது வெறும் 2.3 ஆம்பியர். அதனால் மலையானாலும் அடிவாரமானாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத போர்டிலிருந்து பந்தலுக்கு இணைப்புக் கொடுக்கவே கூடாது. குழாய்ச் சட்டத்தையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். கொக்கி போட்டு எடுக்கும் மின்சாரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அது திருட்டு.

ஜெனரேட்டரில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் விட்டால், கசிவு ஏற்படும்போது ஆர்.சி.சி.பி. விழும் என்று நம்ப முடியாது. ஆனால் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் டக்கென்று விழும். அந்தப் பட்டன் சோதிப்பது கருவியை மட்டும்தான், எர்த்தை அல்ல. ஜெனரேட்டரும் தெரு மின்சாரமும் ஒன்றுசேராமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்தாலோ, மின்சாரம் தெருக்கம்பியில் திரும்பி ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனை அடிக்கும்.

மேலே போகும் கம்பியை மறக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அலங்கரித்த வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கைக்கு ஜோடிப்பவர்கள் உச்சியில் கடைசியாகச் சொருகும் கலசத்தையும் சேர்த்து உயரம் அளந்து, மின்வாரியத்திடம் முன்கூட்டியே சொல்லி, வழியில் மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும்.

பந்தல்காரர், சீரியல் செட்காரர், மைக் செட்காரர், டெக்கரேஷன்காரர், ஜெனரேட்டர்காரர் என்று ஐந்து பேர் ஒரே கம்பத்தில் வேலை செய்கிறார்கள். ஏதாவது கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். ஆகவே விழாக்குழுவிடம் நான் கேட்பது ஒன்றுதான்: லைசென்ஸ் உள்ள ஒரு மின்கம்பியாளரை நியமியுங்கள். எல்லோரும் முடித்த பிறகு அவர் ஒவ்வொரு காலையும் சோதிக்கட்டும். மெயின் சுவிட்ச் அவர் பொறுப்பில் இருக்கட்டும். பூசை நடந்தாலும், ஆர்க்கெஸ்ட்ரா பாடினாலும், சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் இறக்க அவருக்கு உரிமை வேண்டும். ஒரு குழுவினர் மற்ற எல்லாவற்றுக்கும் உடனே தலையாட்டினார்கள். அந்தக் கடைசி உரிமைக்கு மட்டும் நள்ளிரவுவரை பேச வேண்டியிருந்தது.